ஏடிசி சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்: ஃப்ளைட் சிமுலேட்டரில் இறங்கும் நேரத்தைக் கணிக்க முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் சனி, ஞாயிறுகளில் நாலைந்து பேர் கூடி சிமுலேட்டர் பறப்போம். புதிதாக வருபவர்கள் டேக்ஆஃபை சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். லேண்டிங்கும் ஓரளவு வந்துவிடுகிறது. நடுவில், முப்பதாயிரம் அடியிலிருந்து மூவாயிரம் அடிக்கு வரும் அந்த இருபது நிமிடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. ரன்வே கண்ணெதிரே இருக்கும், விமானமோ ஒன்பதாயிரம் அடியில் இருக்கும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எப்போது இறங்குவது என்ற முடிவை ஏடிசியிடம், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம், விட்டுவிடுகிறார்கள். ஏடிசி கொடுப்பது அனுமதி. கணக்கு உங்களுடையது. கணக்கை முதலில் போட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு முன்பே அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ‘மைல்’ என்று சொல்லும் இடமெல்லாம் நாட்டிகல் மைல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாட்’ (knot) என்பது வேக அளவு, மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்.

1. புறப்படும் முன் சரிசெய்ய வேண்டியவை

முதலில் த்ராட்டிலைப் பாருங்கள். ஜெட் விமானம் ஐடிலில், அதாவது இன்ஜின் குறைந்தபட்ச பவரில் ஓடும்போதுதான், ஒழுங்காக இறங்கும். நெம்புகோலை முழுசாகப் பின்னால் இழுத்தும் சிமுலேட்டருக்குள் இரண்டு, மூன்று சதவீதம் பவர் நிற்கிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது சாதாரணம். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் ஜாய்ஸ்டிக்கின் உள்ளே நெம்புகோலின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் கெட்டு, சும்மா வைத்திருந்தாலும் அளவு துள்ளும். மறுபடி கேலிபிரேஷன் செய்து, கீழ் முனையில் கொஞ்சம் டெட்ஸோன் (அசைவு கணக்கில் வராத பகுதி) கொடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு எவ்வளவு கணக்குப் போட்டாலும் விமானம் எதிர்பார்த்தபடி இறங்காது.

அடுத்து, சேரும் விமான நிலையத்தின் உயரம். சென்னைக்கு ஏறக்குறைய 50 அடி, கணக்கில் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். பெங்களூரு கெம்பேகவுடாவுக்கு 3,000 அடி, கோவைக்கு 1,300 அடிக்கு மேல். சென்னைக்குப் பழகிய கையோடு பெங்களூரு போனால் இந்த 3,000 அடியில் ஒன்பது மைல் பிசகும்.

மூன்றாவது, ஒரு காகிதமும் பேனாவும். மானிட்டரில் இன்னொரு விண்டோ திறக்காதீர்கள். அதைத் தேடும் நேரத்தில் ஏழு மைல் போய்விடும்.

2. உங்கள் ஏடிசி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிமுலேட்டரோடு சேர்ந்தே வரும் ஏடிசி ஒரு வகை. அது தன்னிடம் உள்ள ஃப்ளைட் பிளானை வைத்து உயரம் சொல்லும். உங்கள் விமானம் எவ்வளவு சரிவில் இறங்கும், எந்தப் பக்கம் சுற்றிப் போய் இறங்கப்போகிறது என்பதையெல்லாம் அது சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. தாமதம் அதிகம் வருவது இங்கேதான். சில சமயம் நேர்மாறாக, 150 மைல் இருக்கும்போதே இறக்கிவிடும்.

பைலட்2ஏடிசி, பியாண்ட்ஏடிசி, எஃப்எஸ்ஹட் போலத் தனியாக வாங்கிச் சேர்க்கும் மென்பொருள்கள் இரண்டாவது வகை. இவை பிளானை நன்றாகப் படிக்கும். ஆனால் நீங்கள் கொடுக்கும் பிளான் தவறாக இருந்தால் அதே தவறோடுதான் இறக்கும். அதில் உள்ள வழியும் விமானத்தின் எஃப்எம்சியில் (வழியைக் கணக்கிடும் கணினி) உள்ள வழியும் ஒன்றாக இருக்கிறதா என்று புறப்படும் முன்பே ஒப்பிட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வாட்சிம், ஐவாவோ என்ற இணைய நெட்வொர்க்குகள். அங்கே பேசுபவர் மனிதர். அவர் உங்களை மேலேயே வைத்திருந்தால் கீழே இன்னொரு விமானம் இருக்கலாம். காரணம் கேட்டு வாதாட வேண்டாம். உங்கள் தேவையை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். அந்தப் பகுதியில் யாரும் இல்லாவிட்டால் இறங்கும் முடிவு முழுக்க உங்களுடையது.

3. பறக்கப்போகும் தூரத்தை எண்ணுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஜிபிஎஸ் காட்டும் தூரம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம். நீங்கள் பறக்கப்போவது அதுவல்ல.

கோவையிலிருந்து சென்னைக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் 220 மைல் சுமார். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வருகிறீர்கள். ரன்வே 07 என்றால் அதே திசையில் ஏறக்குறைய நேராகப் போய் இறங்கலாம். ரன்வே 25 என்றால் கதை வேறு. விமான நிலையத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போய், இடதுபுறம் திரும்பி, மயிலாப்பூர், கிண்டி வழியாக மேற்கே பார்த்து இறங்க வேண்டும். இந்தச் சுற்றுக்கு மட்டும் 25, 30 மைல் கூடும். மூன்று டிகிரி சரிவில் 25 மைல் என்பது எட்டாயிரம் அடி. ஆகவே எந்த ரன்வே என்று தெரியாமல் போடும் கணக்கு எட்டாயிரம் அடி வரை தவறலாம்.

ரன்வேயை எப்படி முன்கூட்டி ஊகிப்பது? காற்றை எதிர்கொண்டுதான் விமானங்கள் இறங்கும். நேரலை வானிலையில் பறந்தால் மீனம்பாக்கத்தின் வானிலை அறிக்கையான மெட்டாரைப் பாருங்கள், அரை மணிக்கு ஒருமுறை புதிதாக வரும். கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் காலையில் மேற்குக் காற்று இருக்கும், 25 கிடைக்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறினால் கிழக்குப் பக்கம் திரும்பும், 07 ஆகிவிடலாம். ராயபுரத்தில் எங்கள் ஜன்னலில் கடல் காற்று வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்துக்குப் போய்ச் சேரும். நண்பகலை ஒட்டி வந்து சேரும் விமானத்தில் இரண்டு ரன்வேக்கும் தனித்தனித் தூரம் எழுதி வையுங்கள். ஏடிசி மாற்றிச் சொன்னால் எஃப்எம்சியில் உடனே மாற்றி, மீதித் தூரத்தை மறுபடி பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் பெரும்பாலும் 07 பக்கம் காற்று இருக்கும். அப்போது இந்தச் சுற்று இல்லை, அதனால் முன்கூட்டியே இறங்கத் தொடங்க வேண்டும். ஜூலையில் பழகியவர்கள் டிசம்பரில் உயரமாக வந்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

4. கணக்கு

குறைக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்குங்கள். அதுதான் வேண்டிய மைல். மூன்று டிகிரி சரிவில் ஒரு மைலுக்கு 318 அடி இறங்கும் என்பதிலிருந்து வந்த கணக்கு இது.

அதோடு இரண்டு சேர்க்கை. வேகத்தைக் குறைக்க, ஒவ்வொரு 10 நாட்டுக்கும் ஒரு மைல். பின்காற்று இருந்தால், ஒவ்வொரு 10 நாட்டுக்கும் ஒரு மைல் கூட்டுங்கள். எதிர்காற்றானால் அதே அளவு கழியுங்கள்.

கோவை–சென்னை விமானத்துக்கே போட்டுப் பார்ப்போம். ஏ320, ஃப்ளைட் லெவல் 290, அதாவது 29,000 அடி.

உயரம்: 29 × 3 = 87 மைல்.
வேகம்: 290 நாட்டிலிருந்து 210 நாட்டுக்கு, 8 மைல்.
பின்காற்று 30 நாட்: 3 மைல்.
மொத்தம் 98 மைல்.

ரன்வே முனையிலிருந்து, பறக்கப்போகும் வழியில் பின்னோக்கி எண்ணி 98 மைல். அங்கேதான் விமானத்தின் மூக்கு கீழே போக வேண்டும். இதைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் நம் பகுதியில் மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்தும், கீழே வர வர மேற்கிலிருந்தும் அடிக்கும். கோவையிலிருந்து வரும்போது மேலே எதிர்காற்று, இறங்கும் வழியில் பின்காற்று. மேலே நிற்கும்போது தெரியும் காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். எஃப்எம்சியில் இறங்கும் கட்டத்துக்கான காற்றைத் தனியாகக் கொடுக்க இடமிருக்கும், அதை நிரப்புங்கள்.

எஃப்எம்சியே டாப் ஆஃப் டிசென்ட் (இறங்கத் தொடங்கும் இடம்) புள்ளியைக் காட்டுமே, நான் ஏன் கணக்குப் போட வேண்டும் என்று கேட்பார்கள். வழியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இணைப்பு விட்டுப்போயிருந்தாலோ, ரன்வே மாறினாலோ அந்தப் புள்ளி தவறும். இரண்டும் ஐந்து மைலுக்குள் ஒத்துப்போனால் எஃப்எம்சியை நம்புங்கள். முப்பது மைல் வித்தியாசம் என்றால் அதில் ஏதோ தவறு இருக்கிறது. இறங்கும் முன்பே அதைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

5. அனுமதியை முன்பே கேளுங்கள்

450 நாட் தரைவேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏழரை மைல் போகிறீர்கள். கேட்டு, பதில் வந்து, திருப்பிச் சொல்லி, உயரத்தை அமைக்க இரண்டு நிமிடம் வேண்டும். அது 15 மைல். எனவே 98 மைலில் இறங்க வேண்டுமானால் 113 மைலில் கேளுங்கள்.

சென்ட்ரலுக்கு வரும் வண்டி பேசின் பிரிட்ஜுக்கு முன்பிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவதை வடசென்னையில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறோம். பிளாட்பாரம் தெரிந்தபிறகு பிரேக் போடுவதில்லை. 113 மைலில் கேட்பதும் அப்படித்தான்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கொடுங்கையூரிலிருந்து வரும் ஒரு கல்லூரித் தம்பியின் விமானத்தைச் சொல்கிறேன். 95 மைல் ஆனது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 80 ஆனது. “இன்னாண்ணா, இவன் இன்னும் எறங்கச் சொல்லவே மாட்றான்?” என்றான். 68 மைலில் அனுமதி வந்தது. வெர்டிகல் ஸ்பீடை, அதாவது இறங்கு வேகத்தை, நிமிடத்துக்கு மைனஸ் நாலாயிரம் அடிக்குத் திருகினான். வேகப் பட்டையில் ஊசி சிவப்பைத் தொட்டது, ஓவர்ஸ்பீட் மணி அடித்தது. பயந்துபோய் விமானத்தைச் சமனாக்கினான். அந்தச் சமனில் பத்து மைல் போய்விட்டது. மீனம்பாக்கத்தை ஒன்பதாயிரம் அடியில் தாண்டினான். 113 மைலில் ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் இது எதுவும் இல்லை.

சிமுலேட்டரோடு வரும் ஏடிசியில் உயரம் குறைக்கக் கோரும் தேர்வு மெனுவில் இருக்கும். ஒரு தடவையில் கொஞ்சம்தான் குறைத்துத் தருகிறது என்றால் மறுபடி கேளுங்கள். அனுமதியில்லாமல் இறங்கிவிடாதீர்கள். உயரம் தவறு என்று விடாமல் எச்சரிக்கும். சில மென்பொருள்கள் ஐஎஃப்ஆர் (கருவிகளை வைத்துப் பறக்கும்) அனுமதியையே ரத்து செய்துவிடும்.

‘விருப்பப்படி இறங்கலாம்’ என்ற பொருளில் அனுமதி வந்தால் உடனே இறங்க வேண்டியதில்லை. உங்கள் 98 மைல் வரை மேலேயே இருங்கள். ‘டிசெண்ட் வயா’ (descend via, இந்த வழியில் இறங்கு) என்று வந்தால் அந்த வழியில் குறித்துள்ள ஒவ்வொரு உயரக் கட்டுப்பாட்டையும் நீங்கள் மதித்தாக வேண்டும்.

காலத்தை வேகப்படுத்திப் பறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நான்கு மடங்கில் நிமிடத்துக்கு 30 மைல் ஓடும். 150 மைலிலேயே சாதாரண வேகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

6. அனுமதி வந்ததும் கை போக வேண்டிய வரிசை

முதலில் புதிய உயரத்தை ஆட்டோபைலட் பலகையில் அமையுங்கள். அப்புறம் ஏடிசிக்குத் திருப்பிச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றினால், பேசி முடித்த திருப்தியில் உயரத்தை அமைக்க மறந்துவிடும். எங்கள் மாடியில் அடிக்கடி நடப்பது.

அடுத்தது விமானத்துக்கு விமானம் மாறும். ஏர்பஸ் டாப் ஆஃப் டிசென்ட் புள்ளி வந்தாலும் தானாக இறங்காது. உயரக் குமிழை நீங்கள் அழுத்த வேண்டும். போயிங் 737இல் விஎன்ஏவி (உயரத்தைத் தானாகக் கையாளும் மோடு) இயங்கிக்கொண்டு, பலகையில் குறைந்த உயரம் முன்பே அமைத்திருந்தால், புள்ளியில் தானாக இறங்கும். 737இல் பழகி ஏ320க்கு வருபவர்கள் ‘தானாகப் போகும்’ என்று காத்திருந்து பத்து மைல் தாண்டிவிடுகிறார்கள்.

7. வழியில் சரிபார்ப்பு

இறங்கும்போது ஒவ்வொரு ஐயாயிரம் அடிக்கும் ஒரு முறை, உயரம் பெருக்கல் மூன்று, கூட்டல் வேகத்துக்கான மைல் என்று மனதுக்குள் போட்டுப் பாருங்கள். 20,000 அடியில் 60 + 8, அதாவது 68 மைல் மீதி இருக்க வேண்டும். 55தான் இருக்கிறது என்றால் உயரமாக இருக்கிறீர்கள்.

இறங்கு வேகத்துக்கு, தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 420 நாட் என்றால் நிமிடத்துக்கு 2,100 அடி. தரைவேகம் குறையக் குறைய இந்த எண்ணும் குறையும். ஒரே வெர்டிகல் ஸ்பீடை அமைத்துவிட்டுக் கடைசி வரை வராதீர்கள்.

இரண்டு வாசல்களை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: 10,000 அடியில் 250 நாட், 30 முதல் 35 மைல் மீதி. 3,000 அடியில் 210 நாட் அல்லது குறைவாக, 10 மைல் மீதி. இரண்டாவது வாசலில் கிளைட் ஸ்லோப் (ரன்வேக்கு இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ கற்றை) உங்களுக்கு மேலே இருக்க வேண்டும். அந்தக் கற்றையைத் தரும் ஐஎல்எஸ்ஸைக் கீழிருந்து பிடிப்பதுதான் பாதுகாப்பு.

8. ஏடிசி தாமதமாக விட்டால்

கேட்டும் கிடைக்காத நாள் வரும். அப்போது செய்ய வேண்டியவற்றில் வரிசைதான் முக்கியம்.

காத்திருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். மேலே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மைலைத் தின்கிறது. 250 நாட் அளவுக்கு வந்துவிட்டால் அதே நிமிடத்தில் குறைவான மைல் போகும். யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஒரே வழி இது. மனிதர் கட்டுப்படுத்தும் இடத்தில் மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள், பின்னால் விமானம் வரலாம்.

அனுமதி வந்ததும் ஐடிலில் இறங்கும் மோடுக்குப் போங்கள். ஏர்பஸ்ஸில் குமிழை இழுத்து ஓபன் டிசென்ட், போயிங்கில் லெவல் சேஞ்ச். இவற்றில் இயந்திரம் ஐடிலுக்குப் போய், மூக்கின் கோணம் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். வெர்டிகல் ஸ்பீட் மோடில் விமானம் நீங்கள் கேட்ட இறங்கு வேகத்தைத்தான் காப்பாற்றும். வேகம் ஏறி ஓவர்ஸ்பீட் ஆவதை அது தடுக்காது. தம்பிக்கு நடந்தது அதுதான்.

அப்புறம் 300, 310 நாட்டுக்கு வேகத்தை ஏற்றி, இறக்கையின் மேல் எழும் தடுப்புத் தகடுகளான ஸ்பீட் பிரேக்கை வெளியே எடுங்கள். உயரம் அதிகமாக இருக்கும்போது வேகத்தை ஏற்றச் சொல்வது புதியவர்களுக்கு விநோதமாகப் படும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. வேகமாகப் போகும்போது ஸ்பீட் பிரேக் அதிகம் தடுக்கும், அதனால் ஒரு மைலுக்கு அதிக அடி இறங்கலாம். 12,000 அடி நெருங்கும்போது சரிவைக் குறைத்து 250க்கு வந்துவிடுங்கள்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதையும் அளக்கலாம். மீதி உயரத்தை மீதி மைலால் வகுங்கள். 26,000 அடி குறைக்க 60 மைல் இருந்தால் மைலுக்கு 433 அடி, ஏறக்குறைய நான்கு டிகிரி. ஸ்பீட் பிரேக்கோடு சமாளிக்கலாம். 500 அடியைத் தாண்டினால், முக்கியமாக 10,000 அடியில் 20 மைலுக்குக் குறைவாக இருந்தால், முயலவே வேண்டாம். ‘முடியாது’ என்று சொல்லிக் கூடுதல் தூரமோ ஹோல்டோ (ஓரிடத்திலேயே வட்டமிடுவது) கேளுங்கள். நிஜ பைலட்டுகளும் இதைத்தான் கேட்பார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலிந்து இறக்கினால் கிளைட் ஸ்லோப்பை மேலிருந்து துரத்தி, ஆயிரம் அடியிலும் வேகம் குறையாமல் திணறுவீர்கள்.

லேண்டிங் கியர் நல்ல தடை. ஏ320இல் 250 நாட்டுக்கு மேல் இறக்கக் கூடாது. அதனால் கடைசிக் கட்டத்தில்தான் அது உதவும்.

ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: சமனானதும் ஸ்பீட் பிரேக்கை மூட மறப்பது. ஆட்டோத்ரஸ்ட் பவரை ஏற்றும், பிரேக் தடுக்கும், எரிபொருள் வீணாகும். நெம்புகோலை இழுத்தால் சமனாகும்வரை கையை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

9. ஏடிசி சீக்கிரமாக இறக்கினால்

இது எளிது. நிமிடத்துக்கு 1,000 அடியில் மெல்ல இறங்குங்கள், உங்கள் மூன்று டிகிரிக் கோடு மேலிருந்து வந்து சேரும். ஏ320இல் புள்ளிக்கு முன்பே குமிழை அழுத்தினால் விமானமே இப்படித்தான் செய்யும். 737இல் இதற்கு ‘டிசென்ட் நவ்’ உண்டு.

10. அழுத்த அமைப்பு

நேரத்தைச் சரியாகக் கணித்து இறங்கியும் ஏடிசி ‘உயரம் தவறு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பாருங்கள். மேலே 1013 ஹெக்டோபாஸ்கலில் பறக்கிறீர்கள். கீழே வரும்போது உள்ளூர் அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும். மே மாதம் சென்னையில் 1005 போல இருக்கும். எட்டு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் 200 அடிக்கு மேல் பிசகு. எந்த உயரத்தில் மாற்றுவது என்பது சார்ட்டில் இருக்கும். ஆனால் சில சிமுலேட்டர் ஏடிசிகள் உலகம் முழுவதற்கும் அமெரிக்க வழக்கப்படி 18,000 அடியையே வைத்திருக்கின்றன. உங்களுடையது அப்படியா என்று ஒரு முறை சோதித்துவிட்டால் போதும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கீபோர்டின் ‘பி’ விசை அழுத்தத்தை அமைத்துவிடும்.

11. சிறு விமானத்தில்

செஸ்னா 172 போன்றவற்றில் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 500 அடி. 8,500 அடியிலிருந்து 1,500 அடிக்கு வர 7,000 அடி குறைய வேண்டும், 14 நிமிடம். 110 நாட்டில் அது 26 மைல். பவரை ஒரேயடியாக மூட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

12. பழகும் முறை

முழு விமானத்தையும் ஒவ்வொரு முறையும் பறக்கத் தேவையில்லை. ஃப்ளைட் லெவல் 290இல், ரன்வேக்கு 140 மைல் இருக்கும் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். சில பெரிய விமானங்கள் சேமித்த இடத்திலிருந்து ஒழுங்காகத் திரும்ப வராது. அப்படியானால் வானிலிருந்து தொடங்கும் தேர்வைப் பயன்படுத்தி எஃப்எம்சியை நிரப்புங்கள்.

முதலில் ஏடிசியை அணைத்துவிட்டு, காற்றில்லாமல், ரன்வே 07க்கு இறங்குங்கள். இரண்டு வாசல்களும் சரியாக வரும்வரை அதையே செய்யுங்கள். பிறகு ரன்வே 25. பிறகு நேரலைக் காற்று. இவை மூன்றும் கைவந்தபின் ஏடிசியைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் காகிதத்தில் மூன்று எண்கள்: கேட்ட மைல், அனுமதி வந்த மைல், 10,000 அடியைத் தொட்டபோது மீதியிருந்த மைல். உங்கள் ஏடிசி வழக்கமாக எவ்வளவு தாமதிக்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாமதத்தை 113உடன் கூட்டிக்கொண்டு அடுத்த விமானத்தில் கேளுங்கள்.